பிகில் ஊதும்வரை

மச்சான்,

இன்று ஞாயிறு. உன் அக்கா விடியலிலேயே பசை காய்ச்சி இறக்கிவிட்டாள். பூச்சி அரிக்காமலிருக்கக் கஞ்சியில் போடும் மயில்துத்தம் கரைகிற அந்த வாசனை வீடு முழுக்க அடிக்கிறது. துரைமார் துப்பாக்கிப் பயிற்சிக்கு வரும் நாளில் இந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நாம் இரண்டு பேரும் மேட்டுக்குப் போவோமே, அந்த நினைப்பு வந்துவிட்டது. போன மாதம் பேத்தமங்களாவில் நீ காய்ச்சலில் கண் மூடினாய். உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்ல வாய் வராததை இப்போது எழுதுகிறேன்.

நமக்கு அங்கே வேலை சின்னது. குறிப்பலகைகளுக்கு முன்னால் இருக்கிற குழிக்குள் குந்தியிருக்க வேண்டும். சுட்டு முடித்ததும் ஏறிப்போய் ஓட்டைகளின் மேல் காகிதம் ஒட்ட வேண்டும். கேப்டன் துரை வைத்த ஒழுங்கும் சின்னதுதான். நான் சிவப்புக் கொடியை உயர்த்துவேன். அதைப் பார்த்து, சுடுகிற பக்கத்திலிருந்து பிகில் ஊதுவார்கள். அது கேட்ட பிறகே குழியை விட்டு ஏறலாம்.

ஆனால் நாம் தங்கச் சுரங்கத்து ஆட்கள். கீழே திரியைக் கொளுத்திவிட்டு ஒதுங்கி நின்று, வெடிச் சத்தத்தை எண்ணியே பழகியவர்கள். வைத்த வெடி அத்தனையும் வெடித்துவிட்டால் உள்ளே போகலாம். அந்தப் பழக்கத்தை நீ மேலேயும் கொண்டுவந்தாய். ஆறு பேர் சுட நின்றால் ஆறு சத்தம் எண்ணுவாய்; கொடியாவது பிகிலாவது, எழுந்துவிடுவாய்.

"காது இருக்கசொல்ல பிகில் எதுக்கு மாமா?" என்பாய்.

நான் சிரிப்பேன். சீக்கிரம் ஒட்டினால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். உன்னைத் தடுக்க எனக்குத் தோன்றியதே இல்லை.

நீ அடிபட்ட அன்றைக்கு எனக்கும் ஆறுதான் கேட்டது, மச்சான். மைசூர் மைன்ஸ் சுரங்கத்துப் பக்கம் புதிதாக எழுப்பிய தகரக் கொட்டகையில் மோதி ஒரு சத்தம் இரண்டாகக் கேட்டிருக்கிறது. நீ ஏறினாய். அப்போதுதான் ஆறாவது ஆள் சுட்டார். தொடையில் குண்டு பட்டு, குழியின் விளிம்பிலேயே சரிந்தாய்.

நான் கொடியை உயர்த்தினேன். பிகில் வரவில்லை.

"மாமா, கையக் குடு" என்றாய்.

"பிகில் ஊதட்டும் மச்சான், கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றேன்.

என்னையே பார்த்தாய். பிறகு, "சரி, இரு மாமா, இரு" என்று சொல்லி முகத்தை மண் பக்கம் திருப்பிக்கொண்டாய். பிகில் ஊதிய பிறகுதான் நான் ஏறி வந்தேன்.

அடுத்த ஞாயிறு கேப்டன் துரை எல்லாரையும் வரிசையில் நிறுத்தி என்னைக் காட்டிப் பேசினார். பதறிப்போய் ஏறியிருந்தால் இரண்டு பேர் விழுந்திருப்பார்கள், ஒழுங்கு தெரிந்தவன் இவன்தான் என்றார். ஒரு கம்பளியும் கொடுத்தார். நல்ல கனமான கம்பளி. ஒரு குளிருக்கும் அதை நான் போர்த்தியதில்லை. உடம்பெல்லாம் குத்துகிறது என்று உன் அக்காவிடம் பொய் சொன்னேன்.

காலை இழுத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்க முடியாமல் நீ பேத்தமங்களா ஏரிப் பக்கம் விவசாயக் கூலிக்குப் போனாய். இங்கே வரும்போதெல்லாம் எனக்காக நீயே வாதாடுவாய். "மாமா வெளிய வந்திருந்தா எங்கக்கா கதி இன்னா ஆவறது? அவரு செஞ்சதுதான் சரி." கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். நீ நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக உன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருப்பேன். உன் அக்கா உனக்குக் குழம்பு ஊற்றும்போது ஏதாவது சாக்குச் சொல்லி நான் வெளியே போய்விடுவேன்.

துரை சொன்னது சரிதான். அதற்குப் பிறகு அந்த மேட்டில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூடப் படவில்லை. இன்றைக்கு அங்கே யார் விழுந்தாலும் பிகில் ஊதும்வரை நான் ஏறமாட்டேன். உன்னிடம் அதை மறைக்க மாட்டேன். ஆனால் மச்சான், நீ என்னை ஏறி வரச் சொல்லவே இல்லையே. கையைத்தானே கேட்டாய். கொடிக்கம்பைப் பிடிக்க ஒரு கை போதும். இன்னொரு கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் நீ கிடந்தாய். தலையைத் தூக்காமலே நீட்டியிருக்கலாம். நான் இரண்டு கையாலும் கம்பையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

உன் இடத்துக்கு இப்போது ராபர்ட்சன்பேட்டை ஆள் ஒருவர் வருகிறார். சுரங்கத்தில் வேலை செய்தவர். அவரும் சத்தத்தை எண்ணுகிறார். பிகில் கேட்கும்வரை அவர் வேட்டி முனையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பேன்.

"இன்னாண்ணா, நான் இன்னா கொயந்தையா?" என்று சிரிக்கிறார்.

சிரித்துவிட்டுப் போகட்டும். கம்பை இப்போதெல்லாம் ஒரு கையால்தான் பிடிக்கிறேன், மச்சான்.