அடுக்களை நிலையில் கசகசா

மார்ச் 9, திங்கள்
காலையிலேயே அனல். கரிசல் புழுதி வேறு. அடுக்களை நிலையடியில் மறுபடியும் கசகசா. மூன்று வாரமாகக் கூட்டித் தள்ளுகிறேன், இவர் அஞ்சறைப் பெட்டியைச் சரியாக மூடுவதில்லை என்று தினமும் திட்டிக்கொண்டே. இன்று பள்ளிக்கூட லென்ஸில் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் ஆறு பட்டை! கறையான் புழுக்கை. நான் விலங்கியல் டீச்சர். வெளியே தெரிந்தால் மானம் போகும்.
இவரிடம் மன்னிப்பு கேட்கணும். நாளைக்கு.

மார்ச் 10, செவ்வாய்
வீட்டுக்கார அண்ணாச்சியிடம் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.
"கறையானா? தரையெல்லாம் துளை போட்டு மருந்து ஊத்தணும் டீச்சர். சனிக்கிழமை ஆள் வாராவ. நீங்க வேற வீடு பாத்துக்கிடுங்க."
பரீட்சை நேரத்தில்! அழுகையே வந்துவிட்டது.
ஆனால் தரையிலிருந்து ஏறும் கறையான் என்றால் சுவரில் மண்கோடு இழுத்திருக்கும்; இங்கே ஒன்றுகூட இல்லையே. மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் இனமாக இருந்தால் தரை தப்பும், நாங்களும் தப்புவோம். நிரூபிக்க, கூட்டைக் காவல் காக்கும் சிப்பாய்க் கறையான் ஒன்று வேண்டும். அதன் தலைதான் அடையாளம். மற்றதெல்லாம் ஒரே ஜாடை.

மார்ச் 12, வியாழன்
எல்லா நிலையையும் தட்டிப் பார்த்தேன். மற்றவை கணீர். அடுக்களை நிலை மட்டும் டொக் டொக். உளியால் ஒரு சில்லு. வெள்ளைப் பூச்சி பதினெட்டு. சிப்பாய் பூஜ்யம். கடலைமிட்டாய் டப்பாவில் போட்டு மூடினேன்.
"ஏட்டி, மிட்டாய்னு கைய விட்டிருப்பேனே!" என்றார் இவர்.
மன்னிப்பு இன்னும் பாக்கி.

மார்ச் 13, வெள்ளி
லீவு. பால், வெண்டைக்காய். விடைத்தாள் 40 (தொடவில்லை).
மூன்று மணிக்கு இன்னொரு சில்லு. உள்ளே ஒரு துளை, அதன் வாசலில் கறுப்பாக ஏதோ. ஆணித்தலை என்று நினைத்து ஊசியால் தொட்டேன். பின்வாங்கியது! தலையாலேயே வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது, பாட்டில் தக்கை மாதிரி. கறுப்பு, மொட்டை, முன்பக்கம் செங்குத்து. கிரிப்டோடெர்மிஸ்! கிரிப்டோடெர்மிஸ்! மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் அதே இனம்!
இவர் வந்ததும் கையைப் பிடித்து ஒரு சுற்று சுற்றினேன். அப்படியே மன்னிப்பும் கேட்டாச்சு. "எதுக்கு?" என்றார். கசகசா கதையைச் சொன்னேன். சிரிக்கிறார், சிரிக்கிறார், நிறுத்தவே இல்லை.

மார்ச் 14, சனி
துளை மெஷினோடு மருந்துக்காரர் வாசலில். அண்ணாச்சி கையில் என் லென்ஸ். சிப்பாயை ஒற்றைக் கண்ணால் வெகுநேரம் பார்த்தார்.
"தரையில இல்லன்னு நிச்சயமா?"
"இதுக்கு மண்ணே வேண்டாம் அண்ணாச்சி. மரத்துக்குள்ளயே பொறந்து, அதையே தின்னு, அங்கனயே குடும்பம் நடத்தும்."
மருந்துக்காரரும் சுவரோரம் முழுக்கக் குனிந்து தேடினார். "கோடு இல்லதான்."
அண்ணாச்சி லென்ஸை என்னிடம் கொடுத்தார்.
"அப்போ நிலைய மட்டும் கழத்துவோம். அதுல குடியிருக்கவிய காலி பண்ணட்டும். டீச்சர் இருக்கட்டும்."