வினோதினி டீச்சரின் இடது கால் அளவு

திருப்பாதிரிப்புலியூர்
பங்குனி 6

அன்புள்ள ஹரிஷுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் சுவேதாவும் அந்த டப்ளின் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன், மனசு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்காதே, அதைச் சொல்லத்தான் இத்தனை தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் நீ சாரிம்மா என்பாய், சாப்பிட்டியா என்பாய், மீட்டிங்குக்குக் கூப்பிடறாங்க என்று வைத்துவிடுவாய். மூன்று தடவை அப்படித்தான் ஆயிற்று. கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது.

அப்பாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்து பதினெட்டு நாள் ஆகிறது. சொட்டு மருந்து வேளைக்கு விட்டுக்கொள்கிறார், ஆனால் குனியாதீங்க என்று டாக்டர் சொன்னதை வாசலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார், நான் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்புவதற்குள் தோலை விரித்துப் போட்டு வெட்டிக்கொண்டிருக்கிறார், கேட்டால் ஒரு கண்ணு சும்மாதான இருக்குது என்கிறார். பவானி அத்தை மகள் கல்யாணம் திருவந்திபுரத்தில் நல்லபடியாக நடந்தது, அன்றைக்கு முகூர்த்தம் ஜாஸ்தி, மலைமேல் முப்பது ஜோடியாவது மாலையும் கழுத்துமாக நின்றார்கள், நம் பெண் எது என்று நான் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது. பந்தியில் எல்லோரும் உன்னைத்தான் விசாரித்தார்கள், ஒங்க புள்ள ஒங்க தொழில ஒலகம் பூரா கொண்டு போயிட்டானாமே என்று ஒருத்தி இலையில் கையை வைத்துக்கொண்டே கேட்டாள். மூன்று மாதம் முன்னால் கேட்டிருந்தால் எனக்குத் தலைகால் புரிந்திருக்காது. அன்றைக்குச் சும்மா சிரித்துவைத்தேன்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன், அம்மாவுக்குக் காலம் புரியவில்லை என்று நீ சுவேதாவிடம் சொல்லிக்கொள்ளக் கூடாது. நம் பையையும் பர்ஸையும் சலங்கையையும் கம்ப்யூட்டரில் கடை போட்டு விற்றாய், நல்லது. பிறகு போன வருஷம், கையால தைக்கிறது மாசத்துக்கு இருபதுதாம்மா வரும், பாடமும் வெட்டற அளவுத்தாள் பேட்டனும் ஒரு தடவ செஞ்சு போட்டா நாம தூங்கறப்பவும் வித்துக்கிட்டே இருக்கும், இதுக்குப் பேரு டிஜிட்டல் ப்ராடக்ட் என்று சொன்னாய். சரி என்றேன். மூன்று நாள் அந்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு உன் கேமரா முன்னால் உட்கார்ந்து, ஊசி பிடிப்பது, நூலுக்கு மெழுகு போடுவது, மணி ஆடாமல் முடிச்சு இறுக்குவது எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். அப்பா இதெல்லாம் ஏன் சொல்ற என்று முணுமுணுத்தார், நான்தான் கத்துக்கிட்டுப் போகட்டுமே என்றேன். பர்ஸ் பேட்டன், பை பேட்டன், பெல்ட் பேட்டன், எதை விற்றாலும் எனக்கு வருத்தமில்லை. அதெல்லாம் தோல் சமாச்சாரம்.

சலங்கை அளவுத்தாள் அப்படியா. உனக்குத் தெரியாதா. ஆட வருகிற பெண் காலை நீட்டி என் மடியில் வைக்கிறாள், நான் காக்கித்தாளைக் கணுக்காலுக்கு மேலே சுற்றி, பென்சிலால் குறித்து, வெட்டி, மேலே பேரை எழுதி, நடுவில் மறக்கக் கூடாததை எழுதிவைக்கிறேன். அளவு மறந்தால் மறுபடி டேப் பிடிக்கலாம், இதை மறந்தால் யாரைப் போய்க் கேட்பது. ஒரு பெண்ணின் தாளில், நாலு மாசம், வீட்டுக்கு இன்னும் தெரியாது, கால் வீங்கினா இறுக்கும், பக்கிளுக்கு ரெண்டு ஓட்டை கூடப் போடணும் என்றிருக்கும். இன்னொருத்தி தாளில், மெட்டி கழட்டிட்டா, என்னன்னு கேக்கக் கூடாது என்றிருக்கும். காலைப் பிடிக்கிறவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும், தெரிந்ததை வாயால் பேசாமல் தாளில் போட்டு டிரங்குப் பெட்டியில் பூட்டிவிடுவேன். இருபத்தாறு வருஷமாக இதுதான் வழக்கம், அப்பாகூட அளவு வேண்டுமென்றால் என்னைக் கேட்பாரே தவிர பெட்டியைத் திறக்க மாட்டார். பொங்கலுக்கு நீ வந்தபோது, கரையான் அரிச்சிடும்மா, போட்டோ எடுத்து வச்சுட்டா பத்திரமா இருக்கும் என்றாய். நான்தான் சாவி கொடுத்தேன். தாள் சுருளாமல் ஓரத்தை நான்தான் பிடித்துக்கொண்டேன், ஒவ்வொரு படத்திலும் என் கட்டை விரல் தெரிகிறது. எனக்குப் பின்னால் என் பிள்ளை இதையெல்லாம் காப்பாற்றுவான் என்று அன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் சொன்னேன்.

சிவராத்திரிக்கு வழக்கம்போல சிதம்பரம் கீழ வீதியில் கடை போட்டிருந்தோம், நாட்டியாஞ்சலிக்கு வந்த பிள்ளைகள் கும்பலாக நின்றுகொண்டிருந்தார்கள். இளமதி என்று ஒரு பெண், அங்கே நாட்டியம் படிக்கிறாளாம், நல்ல பெண், பிரிண்ட் எடுத்த தாள் ஒன்றை நீட்டி, அக்கா ஒங்க பேட்டன் நான் வாங்கியிருக்கேன், நானே தைச்சுப் பாக்கறேன், ஒரு சந்தேகம் என்றாள். வாங்கிப் பார்த்தால் என் கையெழுத்து. எடது கெண்டக்கால் சூம்பல், உள்ள ஒரு விரக்கட கம்பளி வைக்கணும், யாருக்கும் சொல்லக் கூடாது. அந்தப் பெண் கேட்கிறது, இந்தக் கம்பளி நானும் வைக்கணுமாக்கா, எதுக்காக யாருக்கும் சொல்லக் கூடாது, இது எதாவது தொழில் ரகசியமா என்று. அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அது வினோதினி டீச்சருடைய தாள், ஹரிஷ்.

அன்றைக்கு நான் போன் பண்ணியபோது நீ சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. பேர வெட்டிட்டேம்மா, யாருக்குத் தெரியப் போவுது என்றாய். பேரை ஏன் வெட்டினாய். வெட்ட வேண்டும் என்று உனக்குத் தோன்றியிருக்கிறதே, அதுதான் என்னைக் கொல்லுகிறது. தெரியாமல் செய்தான் என்று நினைத்துக்கொள்ளவாவது இடம் விட்டாயா, கீழே ஒவ்வொரு வரியையும் இங்கிலீஷில் வேறு போட்டிருக்கிறாய். டோன்ட் டெல் எனிஒன் என்று எழுதியிருக்கிறாய். எட்டாவது படித்த எனக்கே புரிகிற இங்கிலீஷ் அது. ஒரிஜினல் குறிப்பு இருந்தாதாம்மா நம்பிக்கையா வாங்குவாங்க, அதுலதான் மத்த கடைக்கும் நமக்கும் வித்தியாசம் என்றாய். ஏம்பா, யாரோ என் மேல் வைத்த நம்பிக்கையை எடுத்து உன் கடைக்கு நம்பிக்கையாகப் போட்டுக்கொண்டாயா.

பேரை வெட்டியும் பிரயோசனமில்லை. அந்தத் தாளில் மணி வைக்கப் புள்ளி குத்தியிருக்கிறேன், ஏழு வரிசை. சிதம்பரத்தில் ஏழு வரிசை சலங்கை கட்டுகிறவர் ஒருத்தர்தான், சலங்கை பூஜைக்கு வருகிற சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சலங்கை விற்கிற உனக்கு அது தெரியவில்லை.

மறுநாளே மறுபடி சிதம்பரத்துக்குப் பஸ் பிடித்து டீச்சர் வீட்டுக்குப் போனேன், வேறு யாராவது சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும் என்று. நாலு நாள் முன்னாடியே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவரிடம் நாட்டியம் படிக்கிற பிள்ளையின் தாயார் ஒருத்தி போனில் காட்டிவிட்டு, இந்தக் கால வச்சுக்கிட்டு எங்க பொண்ணுக்கு எப்பிடி அடவு சொல்லித் தர்றீங்க என்று கேட்டாளாம். இரண்டு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். திட்டுவார் என்று போனேன், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், காபி கலந்து கொடுத்தார். சின்ன வயசில் காய்ச்சலில் சூம்பிய கால், எங்கம்மாவுக்கு அப்புறம் ஒன் மடியிலதான் மகேஸ்வரி இத வச்சேன், இருவத்திரெண்டு வருஷம் என்றார். பிறகு எத்தன பேருகிட்ட இருக்கு என்று கேட்டார். முந்நூத்தி நாப்பது பேர் என்று நீ சொன்ன எண்ணைச் சொன்னேன். சித்திரையில் அவர் ஆடுவதாக இருந்தது, ஆடப் போவதில்லையாம். தாளம் தட்டி நட்டுவாங்கத்துக்கு ஒக்காந்துட்டா கால யாரும் பாக்க மாட்டாங்க என்று சொல்லிக்கொண்டே டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

எடுத்துட்டேம்மா, சைட்ல இப்ப இல்ல என்கிறாய் நீ. நம் பை ஒன்று கோணலாகப் போனால் திருப்பி வாங்கித் தையலைப் பிரித்து மறுபடி தைத்துக் கொடுக்கிறோம், முந்நூத்தி நாப்பது வீட்டுக்குப் போனதை எங்கே போய்ப் பிரிப்பது. அதுவும் நீ டீச்சர் தாளை மட்டும்தான் எடுத்தாய். நீ போட்ட இருபத்தைந்தில் மிச்சம் இருபத்தி நாலு தாளும் போன செவ்வாய்க்கிழமை வரைக்கும் கடையில் இருந்தது, பவானி அத்தை மகனை விட்டுத் திறந்து பார்த்தேன். நான் அழுததும் ஒன்றை எடுத்தால் போதும் என்று நினைத்தாயா. அப்பா அன்றைக்குச் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கரையான நம்ம வீட்டுலயே வச்சு வளத்தோம்டி என்று மட்டும் சொன்னார்.

இப்போது நான் ஒவ்வொரு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். பதினோரு வீடு முடிந்தது. உன் பேரைச் சொல்வதில்லை, என் பெட்டியிலிருந்து போயிடுச்சு, என் தப்பு என்கிறேன். சிலர் பரவாயில்லக்கா என்கிறார்கள், சிலர் கதவைத் திறந்தபடியே நின்று கேட்டுவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். அந்த நாலு மாசப் பெண்ணுக்குக் குழந்தை அந்த முறை தங்கவில்லையாம், புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியாதாம், என் கையைப் பிடித்துக்கொண்டு மாமியார் காதுக்குப் போயிடுமாக்கா என்று கேட்டாள். போன வாரம் புதுசாக ஒரு பெண் சலங்கைக்கு வந்தாள், காலை நீட்டம்மா என்றேன், வேணாங்க்கா, வீட்டுலயே அளந்து எழுதிக்கிட்டு வந்துட்டேன் என்று ஒரு சீட்டைக் கொடுத்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சிவராத்திரிக்குப் பிறகு அது மூன்றாவது சீட்டு.

உனக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். கேட்டிருந்தால் புதிதாக இருபத்தைந்து தாள் வெட்டிக் கொடுத்திருப்பேனே, எந்தக் காலும் இல்லாத வெறும் அளவு. கேட்டால் மாட்டேன் என்பாள் என்று தெரிந்துதானே கரையான் கதை சொன்னாய். ஊரார் ஏமாற்றினால் போகட்டும் என்று விடலாம், வயிற்றில் சுமந்த பிள்ளை சாவியை வாங்கி ஏமாற்றினால் அதை எங்கே கொண்டு போய் வைப்பது.

ஒன்று மட்டும் போனில் சொல்லவில்லை. டீச்சர் வீட்டிலிருந்து கிளம்பும்போது வாசல்வரை வந்தார், ஹரிஷ் அதப் படிச்சானா மகேஸ்வரி என்று கேட்டார். இல்லைங்க, என் கையெழுத்து அவனுக்குப் புரியாது, இங்கிலீஷெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரே போட்டுக்கிச்சு என்றேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது, தாய் வாய் அப்படித்தான். அவர் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது, அது போதும், புள்ள தெரியாம செஞ்சுட்டான், அவன வையாத, நல்லா இருக்கட்டும் என்றார். காலைக் காட்டிக் கொடுத்ததும் நான், அதற்கு மேலே பொய் சொன்னதும் நான், ஆசீர்வாதம் உனக்கு.

அதனால் நீ வர வேண்டும். பொருள் எதுவும் வாங்கி வராதே, சுவேதாவையும் அலைக்கழிக்காதே. மிச்ச வீடுகளுக்கு நான் போய்க்கொள்கிறேன், டீச்சர் வீட்டுக்கு நீ போ. படித்தேன், படித்துவிட்டுத்தான் போட்டேன் என்று உன் வாயால் சொல். அவர் மன்னிக்காமல் போகலாம், நீ சொன்ன பிறகு என்னையும் மன்னிக்காமல் போகலாம், நான் வாசலில் நின்றுகொள்கிறேன். தீர்க்காயுசாக, நோய் நொடி இல்லாமல், புருஷனும் பெண்டாட்டியும் ஒற்றுமையாக இருங்கள், எத்தனை கோபத்திலும் என் வாயில் வேறு வார்த்தை வராது. டிக்கெட் போட்டதும் அப்பாவுக்குத் தகவல் சொல், என்னோடு பேசுவது டீச்சரிடம் பேசிய பிறகு இருக்கட்டும்.

இப்படிக்கு, உனக்காகப் பொய் சொன்ன
அம்மா மகேஸ்வரி