கீழே குடிபோக ஒரு தரை

செப்டம்பர் 14, ஞாயிறு

வெண்ணெய்க் கிண்ணத்தில் கால் நகம்.

என் புருஷன் லோர்ன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கால் நகம் வெட்டியிருக்கிறான். ஒரு துண்டு தெறித்துப் போய் வெண்ணெயில் குத்திக்கொண்டு நிற்கிறது. ரொட்டியில் தடவப் போன கத்தியோடு அப்படியே நின்றுவிட்டேன். "என்ன இது?" என்று கேட்டேன். எட்டிப் பார்த்தான். "எடுத்துப் போட்டுட்டுத் தடவு. நகந்தானே, விஷமா?" என்றான். சொல்லிவிட்டு ஒரு கை சூரியகாந்தி விதையை வாயில் கொட்டிக்கொண்டான். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இதுதான் உத்தியோகம். கொறிப்பது, தொலியைக் கையில் கிடைத்த கோப்பையில் துப்புவது. அந்தக் கோப்பை பாதி நாள் என்னுடையது. தொலி மிதக்கிற காபியை ஒரு முறை நான் குடித்தே விட்டேன்.

முடிவு செய்துவிட்டேன். நான் கீழே பேஸ்மென்ட்டுக்குக் குடிபோகிறேன். ஒரு கட்டில், என் தையல் மெஷின், ஒரு கெட்டில். தரைக்கு நல்ல கார்பெட். இந்த ஆள் மூஞ்சியில் முழிக்காமல் மிச்சக் காலத்தைக் கழித்தால் போதும்.

செப்டம்பர் 15, திங்கள்

கால்கரியிலிருந்து மகள் டானிஸ் போனில் பேசினாள். அவள் அப்பனைப் பற்றி அவளிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

"அம்மா, பிரியணும்னா வக்கீலைப் போய்ப் பாரு. அதென்ன மாடிப்படி டிவோர்ஸ்?"

"அறுபத்திரெண்டு வயசுல யாருடி கோர்ட்டுக்கு அலையறது? அவன் மெல்லுற சத்தம் என் காதுல விழக்கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"அப்பாகிட்ட சொல்லிட்டியா?"

சொல்லிவிட்டேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "மகாராணி பாதாளத்துக்கு எழுந்தருளறாங்களாக்கும். ரிமோட்டை வெச்சுட்டுப் போ" என்றான். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செப்டம்பர் 20, சனி

பழைய கார்பெட்டைக் கிழித்து வெளியே இழுத்தேன். நாய் செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது, அதன் மூத்திரம் இன்னும் சாகவில்லை. அடியில் இருந்த ஸ்பாஞ்சு மக்கிப்போய், புளித்த கஞ்சி மாதிரி சிமென்ட்டோடு ஒட்டிக்கிடக்கிறது. மண்டி போட்டுச் சுரண்டினேன். அதற்குள் பொட்டுப் பொட்டாகப் பூச்சிகள். செத்ததா உயிரோடு இருக்கிறதா என்று நான் ஆராயவில்லை.

லோர்ன் படி உச்சியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். "வெந்நீர் ஊத்தினா நல்லா ஊறி வரும்" என்று யோசனை வேறு. யோசனைக்கு இந்த வீட்டில் பஞ்சமே இல்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். தரையா இது! நடுவில் இரும்புத் தூணைச் சுற்றி ஒட்டக முதுகு. அங்கிருந்து ஜன்னல் பக்கம் சரிவு, வடிகால் துளைப் பக்கம் இன்னும் சரிவு. மூலையில் ஒரு பள்ளம், பூனை படுக்கலாம். எங்கள் ஊர் வின்னிபெக் களிமண்ணுக்கு வேறென்ன வேலை. மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும், மேலே இருக்கிற வீட்டை ஆட்டி வைக்கும். இதன் மேல் கார்பெட் விரித்தால் ஒரே வருஷத்தில் மேடெல்லாம் தேய்ந்து மொட்டையாகும். கட்டிலும் ஒரு பக்கம் சாயும். சாய்ந்த கட்டிலில் படுப்பதற்குப் பதில் மேலேயே அவன் பக்கத்தில் படுக்கலாமே, அங்கே மெத்தை ஏற்கனவே அவன் பக்கம் சாய்ந்துதான் கிடக்கிறது.

செப்டம்பர் 27, சனி

பக்கத்து வீட்டு டெஸ்ஸி சிமென்ட் தேய்க்கிற மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். போன வருஷம் மணிலாவிலிருந்து அவள் தம்பி குடும்பம் வந்தபோது தன் பேஸ்மென்ட்டைத் தானே சரிசெய்தவள். "முதல்ல மேட்டைத் தேய், அக்கா. அப்புறம் கீறலை அடை. ப்ரைமர் ரெண்டு தடவை. அதுக்கப்புறம்தான் கலவை. அது தண்ணி மாதிரி ஓடித் தானே மட்டமாயிரும். ஒண்ணே ஒண்ணு, வடிகால் துளையை மட்டும் இறுக்கி அடைச்சிடு. உள்ள போச்சுன்னா குழாய்க்குள்ளயே கல்லாயிடும், அப்புறம் குடியே முழுகிப்போகும்."

தேய்த்தேன். மூக்குக்குள், பல்லுக்குள், பாடிக்குள் எல்லாம் சிமென்ட் தூசி. மேலே போனால், "என்ன மாவு மில்லா?" என்றான்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஒட்டக முதுகு போயிற்று. என் முதுகும் போயிற்று.

அக்டோபர் 13, திங்கள்

நன்றி நாள். வான்கோழி வாட்டினேன். அவன் எலும்பை உறிஞ்சுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே என் தட்டை எடுத்துக்கொண்டு கீழே போய், வெறும் சிமென்ட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். குளிர் பின்பக்கம் ஏறியது. ஆனாலும் என்ன ஒரு அமைதி. எதற்கு நன்றி சொல்வது என்று யோசித்தேன். இந்த அமைதிக்குத்தான்.

அக்டோபர் 18, சனி

எழுதியே ஆகவேண்டும், இல்லையென்றால் அவனை ஏதாவது செய்துவிடுவேன்.

இன்று கலவை ஊற்றும் நாள். வடிகால் துளைக்குத் தடியாக ஒரு துணி தேவைப்பட்டது. அலமாரி அடியில் அவனுடைய கர்லிங் ஸ்வெட்டர் கிடந்தது, பனித்தரையில் கல்லைத் தள்ளி விளையாடுவார்களே, அந்த ஆட்டத்துக்குப் போடுவது. கல்யாணமான புதிதில் ஏதோ ஊர்ப் போட்டியில் ஜெயித்து வாங்கியது. பூச்சி அரித்து, அக்குள் மஞ்சளாகி, தொட்டால் பிசுபிசுக்கிற சாமான். அதைச் சுருட்டித் துளையில் திணித்தேன். திணிக்கும்போது ஒரு திருப்தி இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

முதல் நாலு வாளி ஊற்றிப் பலகையால் இழுத்துவிட்டேன். ஆஹா, பால் மாதிரி பரவியது. இன்னொரு வாளி எடுக்க மேலே போனேன். போனது ஐந்து நிமிஷம். திரும்பி வந்தால் இவன் கீழே நிற்கிறான்! கையில் ஸ்வெட்டர், சொட்டச் சொட்ட.

"இதையா சாக்கடையில திணிச்சே? என் ஸ்வெட்டரையா?"

"பாவி, அதை ஏன்யா பிடுங்கினே!"

"இது எங்க டீம் ஸ்வெட்டர்டி! உனக்கு வேற துணியே கிடைக்கலையா?"

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே காலடியில் என் கலவை முழுக்கத் துளைக்குள் களக் களக் என்று இறங்கிக்கொண்டிருக்கிறது. நான் குப்புற விழுந்து கையால் தடுத்தேன். சேற்றுக்கு அணை போடுகிற மாதிரி. முழங்கை வரை கலவை. அவன் நின்றான். ஸ்வெட்டரைப் பிழிந்துகொண்டு நின்றான்.

அக்டோபர் 19, ஞாயிறு

காலையில் அவன் கக்கூஸில் தண்ணீர் இழுத்துவிட்டான். அது கீழே துணி துவைக்கிற தொட்டி வழியாகப் பொங்கி வந்தது. தொட்டி நிரம்பி என் தரையில் வழிந்தது.

இரண்டு பேருடையதும்தான். சீ. இதற்கு மேல் எழுத முடியாது.

அக்டோபர் 20, திங்கள்

குழாய் வேலைக்கு ரே டெஜார்லே வந்தார். படியில் கால் வைத்ததுமே கழுத்துத் துணியை மூக்குக்கு இழுத்துக்கொண்டார். துளைக்குள் கம்பி விட்டுப் பார்த்தார். டொக் என்றது.

"கல்லு. மெயின் குழாய் வரைக்கும் போயிருக்கு. தரையை உடைக்கணும். யார் பண்ணின வேலை?"

"அவர்தான்" என்றேன். "இவதான்" என்றான் லோர்ன். இரண்டு பேரும் ஒரே மூச்சில்.

ரே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப ரெண்டு பேருமாச் சேர்ந்து முதல்ல இதை அள்ளுங்க. நான் வண்டியிலேருந்து உடைக்கிற மெஷினை எடுத்துட்டு வரேன்."

அள்ளினோம். ஆளுக்கு ஒரு வாளி, ஒரு முறம். லோர்ன் இரண்டு முறை வாந்தி எடுத்தான். அடுத்தவன் வாயில் போகிற காபிக்குள் துப்புகிறவனுக்குக் குமட்டலாம்! "நகந்தானே, விஷமா?" என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. வாயைத் திறந்தால் நாற்றம் உள்ளே போகும் என்று மூடிக்கொண்டேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

என் தரை நடுவில் ஒரு பள்ளம், சவக்குழி நீளத்துக்கு. ஒரு மாத உழைப்பு ஓட்டாஞ்சில்லாகக் கிடக்கிறது. புதுக் குழாய் போட்டு ரே மேலே கான்கிரீட் போட்டு மூடிவிட்டுப் போனார். நாற்றம் சோப்புக்கும் போகவில்லை, ப்ளீச்சிங்குக்கும் போகவில்லை. என் முடியிலிருந்து வருகிறதா, மனசிலிருந்து வருகிறதா?

வேண்டாம். விட்டுவிட்டேன். எனக்குப் பாதாளமும் இல்லை, பரலோகமும் இல்லை.

அக்டோபர் 24, வெள்ளி

கீழே இறங்கவே இல்லை. அவனோடு பேசவும் இல்லை. அவன் கடைக்குப் போய் ஏதோ மூட்டைகள் இறக்கினான். கேட்கவில்லை.

நவம்பர் 1, சனி

தைத்து முடித்ததைக் கொடுக்க டெஸ்ஸி வீட்டுக்குப் போய் மதியச் சாப்பாடும் முடித்துத் திரும்பினேன். கீழே விளக்கு எரிந்தது. என்னதான் செய்கிறான் என்று இறங்கினேன்.

தரை முழுக்க ஊற்றி முடித்திருக்கிறான். வடிகாலைச் சுற்றி மரச்சட்டம் கட்டி, துளையை உள்ளே பத்திரமாக விட்டிருக்கிறான். துளையில் அடைத்திருப்பது அந்த ஸ்வெட்டர்தான். மூலையில் மண்டி போட்டுப் பலகையால் இழுத்துக்கொண்டிருந்தான், மூச்சு வாங்க.

"மிதிக்காதே" என்றான். அவ்வளவுதான்.

எங்கே கற்றான்? படியில் உட்கார்ந்து விதை கொறித்துக்கொண்டிருந்தவன்தானே?

நவம்பர் 2, ஞாயிறு

அவன் எழுவதற்கு முன்னால் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு இடத்திலாவது கோணல் இருக்கும், மூஞ்சிக்கு நேரே சொல்லலாம் என்றுதான். நாலு மூலையிலும் வைத்தேன். குறுக்கே வைத்தேன். நடுவில் வைத்தேன்.

கோணல் இல்லை. எரிச்சலாக வந்தது.

நவம்பர் 8, சனி

கார்பெட் போட்டாயிற்று. ஓட்ஸ் நிறம். துளைக்கு மேல் தனியாகத் தூக்குகிற மாதிரி ஒரு சதுரம் வெட்டிக் கொடுத்தார்கள். வெறுங்காலோடு சுவருக்குச் சுவர் நடந்தேன். ஒரு மேடு இல்லை, ஒரு பள்ளம் இல்லை. நாளைக்குக் கட்டில் இறக்க வேண்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் தேவாலயம் போய்விட்டு வந்தால் அவனுடைய சாய்வு நாற்காலி கீழே இருக்கிறது. டிவி கீழே. அவன் பெட்டி, அவன் தலையணை. என் கார்பெட்டின் மேல்!

"இது என் அறை" என்றேன். கத்தினேன் என்றே வைத்துக்கொள்ளலாம்.

"தெரியும்."

"தேய்ச்சது நான். சுரண்டினது நான். நாய் மூத்திரம் அள்ளினது நான்!"

"ஆமா. உக்காரு வெர்னா." நான் உட்காரவில்லை. அவனே பேசினான். "கீழ ஜன்னல் கையகலம். நீ ஊசியில நூல் கோக்கணும்னா மேல மேஜைப் பக்கத்து ஜன்னலுக்குப் போய், கண்ணாடியை நெத்தியில ஏத்திட்டு, வெளிச்சத்துல பிடிச்சுத்தான் கோப்பே. இங்க என்ன பண்ணுவே? உன் முட்டிக்கும் இந்த ஈரம் ஆகாது. என்கிட்டேருந்து தள்ளி இருக்கணும், அதானே உனக்கு வேணும்? நான் தள்ளிப் போறேன். மேல நீ இரு."

முப்பத்தாறு வருஷம் என் முகத்தை ஏறெடுத்துப் பார்க்காதவன், நான் எங்கே நின்று எப்படி நூல் கோக்கிறேன் என்று பார்த்து வைத்திருக்கிறானாம்! இதை இத்தனை நாள் எந்தப் பையில் போட்டு வைத்திருந்தான்? கிளம்பும்போதுதான் எடுத்துக் காட்டுவானா? ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. விடுவிடுவென்று படியேறி மேலே வந்துவிட்டேன்.

கேட்டது கிடைத்துவிட்டது. மேல்வீடு முழுக்க எனக்கு, ஜன்னல் வெளிச்சத்தோடு. அப்புறம் ஏன் படி உச்சியில் போய் டிவி சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்?

நவம்பர் 10, திங்கள்

மெத்தை நடுவில் படுத்தேன். அவன் பக்கப் பள்ளத்துக்கே உருண்டு போனேன்.

நவம்பர் 13, வியாழன்

கீழே கக்கூஸ் கிடையாது. இத்தனை நாள் தரையையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது உறைக்கவே இல்லை. ராத்திரி நான் தூங்கும்போதும், பகலில் நான் தையல் கடை வேலைக்குப் போயிருக்கும்போதும் அவன் பாட்டுக்கு மேலே வந்து போயிருக்க வேண்டும். இன்று எனக்கு விடுமுறை.

காபி கலக்கிக்கொண்டிருந்தேன். பேஸ்மென்ட் கதவு தட்டப்பட்டது. மெதுவாக, இரண்டு தட்டு. தாழ் போடாத கதவுதான், தள்ளினால் போதும்.

"வெர்னா, நான்தான். மேல வரலாமா?"

இந்த வீட்டில் இவன் எந்தக் கதவையும் தட்டியதில்லை. நான் குளிக்கும்போதுகூட நுழைந்து, பல் குத்திக்கொண்டே ஹாக்கி ஸ்கோர் சொல்கிறவன்.

"இரு, வரேன்" என்று குரல் கொடுத்தேன். கதவுப் பக்கம் போகவில்லை. நேரே கண்ணாடி முன்னால் போய் நின்று, கசங்கின நைட்டியை இழுத்துவிட்டு, தலையை வாரினேன். வகிடு கோணலாக இருந்தது என்று கலைத்து மறுபடியும் வாரினேன். மனுஷன் கக்கூஸுக்கு அவசரமாக நிற்கிறான், நான் தலை வாரிக்கொண்டிருக்கிறேன். சீ! அறுபத்திரெண்டு வயசில் எனக்கு என்ன வந்தது?