கறுத்த கடுக்காய் நீர்

அன்புள்ள நண்பா,

எதையும் எண்ணிட்டு எழுதினால்தான் எனக்குப் பயம் தெளியும். நீ சிரித்தாலும் பரவாயில்லை.

1. கடுக்காய் நீர் கறுத்தது.
2. நெல்லிவாசலில் நாம் செய்த தவறு.
3. கல்லூரியால் உனக்குப் பயனில்லாமல் போனது.

இன்று காலை வயிற்றுக்காகக் கடுக்காய்ப் பொடியைக் கொதிக்கவைத்தேன். இரும்புக் கரண்டியை அதிலேயே மறந்து வைத்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் நீர் மை போலக் கறுத்திருந்தது. கீழே ஊற்ற மனம் வரவில்லை. நீ போன பிறகு இன்றுதான் உன்னோடு பேசத் துணிவு வந்திருக்கிறது.

1950களின் கடைசியில் நாம் இருவரும் வேதியியல் பட்டம் வாங்கி வந்தோம். நீ மதராஸ் போய் மேலே படிக்க ஆசைப்பட்டாய். வாணியம்பாடியில் மண்டி வைத்து, தோல் பதனிடுகிறவர்களுக்குக் கடுக்காய் விற்ற உன் தகப்பனார், உன் அத்தா, ஒரு நிபந்தனை போட்டார்.

"மலைக்குப் போயி இந்தப் பருவத்துக் காய நீயே வாங்கிகினு வா. சரக்கு நல்லாயிருந்தா மதராஸுக்குப் போ. இல்லாட்டி மண்டியில ஒக்காரு."

துணைக்கு என்னை அழைத்தாய்.

மலைமேல் நெல்லிவாசலில் ஊர்க்காரர்கள் கொண்டுவந்து கொட்டிய காய்கள் நன்றாகக் காய்ந்திருந்தன. மேலே செம்மண் மட்டும் அப்பியிருந்தது. ஆய்வுக்கூடத்தில் எதையும் கழுவாமல் தொட்டுப் பழகாத நமக்கு அது பொறுக்கவில்லை. துருப்பிடித்த பீப்பாய் ஒன்றில் ஓடைநீரை நிரப்பி, மூட்டை மூட்டையாக ஊறப்போட்டுக் கழுவினோம். சுள்ளிக்கட்டோடு போன ஒருத்தி நின்று பார்த்தாள்.

"இன்னா சாமி, காய்க்குத் தலைக்கு ஊத்தறீங்களா? எண்ணெ வெச்சீங்களா?"

"இன்னிக்குப் பொண்ணு பாக்க வர்றாங்கம்மா" என்றாய் நீ.

கடைசி மூட்டையை எடுத்த பிறகுதான் பீப்பாய்க்குள் குனிந்தாய். தோலைப் பதப்படுத்தும் துவர்ப்புச் சத்து நீரில் இறங்கி, துருவோடு சேர்ந்து கறுத்திருந்தது. விற்க வேண்டியதைக் கழுவிவிட்டிருந்தோம். இருவரும் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதிய பாடம்தான் அது. நான் பயத்தில் மூட்டைகளை எண்ணத் தொடங்கினேன். நீயோ ஒரு குச்சியை முக்கி உள்ளங்கையில் கோடு இழுத்தாய்.

"டேய், நெஜமாவே கறுக்குதுடா!"

உன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. பிறகுதான் அப்படியே தரையில் உட்கார்ந்தாய்.

"அத்தாகிட்ட இன்னான்னு சொல்றது?"

"காலேஜ்ல சொல்லித் தரலன்னு சொல்லு."

"சொல்லிக் குடுத்தாங்களேடா."

உன் அத்தா ஒரு காயை உடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். திட்டவில்லை. "படிச்சது போதும், பேட்டா" என்றார். மறுநாள் நீ மண்டியில் உட்கார்ந்தாய்.

நான் கல்லூரி ஆசிரியனானேன். பாடத்திட்டக் கூட்டங்களில் நான் வாய் திறந்தது இதற்காக மட்டும்தான்: மாணவர்களை வேலைக்குத் தயார் செய்ய வேண்டும், தொழில் நடக்கும் இடங்களுக்கு அழைத்துப் போக வேண்டும். நம்மை ஒருநாள் தோல் கிடங்குக்குக் கூட்டிப்போயிருந்தால் நீ மதராஸ் போயிருப்பாய். அதை இப்போதும் நம்புகிறேன். உன்னிடம் சொன்னால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவாய்.

கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது, படுத்தபடியே நீயாக அந்தப் பேச்சை எடுத்தாய்.

"மண்டியில எல்லாரும் காயப் பாத்தாங்க, வெலையப் பாத்தாங்க. நான் அந்தக் கறுப்ப நெனச்சிக்கினே இருந்தேன்டா. காலேஜுக்குப் போவலன்னா எனக்கு அது வெறும் அழுக்குத் தண்ணி."

என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாய் என்று எண்ணித் தலையாட்டிவிட்டு வந்தேன்.

சற்று முன் ஒரு குச்சியை அந்த நீரில் முக்கி உள்ளங்கையில் கோடு இழுத்தேன். கோணலாக வந்தது. ஆனால் கறுத்தது. நிஜமாகவே கறுத்தது. திரும்பிப் பார்த்தேன். சொல்ல நீ இல்லை.

மேலே மூன்றாவது எண்ணில் நான் எழுதியது தவறு.