பெயர் சொன்னதற்கு ஒரு பன்றி

கொரோகா
ஞாயிறு, கோயில் முடிந்து வந்த பிறகு

அன்பு மகள் நெர்லினுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நான், உன் அம்மா, உன் தம்பிகள், நாய், ஹேங்கரில் நான் பழுது பார்க்கிற மூன்று விமானங்கள் உட்பட எல்லாரும் கடவுள் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். சுவாவில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், ஆனால் போன கடிதத்தில் இருமல் என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வரியில் பரீட்சைக்குத் தாவிவிட்டாய், நர்ஸ் படிக்கிற பெண்ணுக்கே இருமலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் சொல்கிறேன், கடல் காற்றில் தலையை ஈரமாக வைத்துக்கொண்டு அலையாதே. காப்பிப் பழம் இந்த வருஷம் கொப்பு ஒடிகிற மாதிரி காய்த்திருக்கிறது. அம்மா உனக்காகப் பின்னிய பிலும் பை முடிந்துவிட்டது, சிவப்பும் மஞ்சளும் போட்டிருக்கிறாள், நீ நீலம் கேட்டிருந்தாய் என்று நான் ஞாபகப்படுத்தினேன், “நீலத்த அவளே வந்து பின்னிக்கட்டும்” என்று சொல்லிவிட்டாள்.

நீ மூன்று மாதத்துக்கு முன் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். பராகாவைக் கல்யாணம் செய்துகொள்ள எனக்குச் சம்மதமா என்று. அதற்குப் பிறகு நான் இரண்டு கடிதம் எழுதினேன், இரண்டிலும் பன்றி குட்டி போட்டதையும் கூரை ஒழுகியதையும் எழுதினேனே தவிர அந்தக் கேள்விக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. நீ அழுதாய் என்று அம்மா சொன்னாள். என் மேல் கோபம் இருக்கும், இருக்கட்டும், ஆனால் காரணத்தைக் கேட்டுவிட்டுக் கோபப்படு. அவன் வேற்று ஊரான், ஹேகன்காரன் என்பதால் இல்லை. உன் பெரியப்பாதான் ஹேகன்காரன் கொடுக்கும்போதே திரும்பி வருவதை எண்ணுவான் என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தார், நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் பயம் வேறு. உனக்கு மாப்பிள்ளை கிடைத்தால் எனக்கு இரண்டாவது கண் போய்விடுமே என்ற பயம்.

உனக்குத் தெரியாதது இல்லை, விமானத்தைத் திருப்புகிற, ஏற்றுகிற, இறக்குகிற கேபிள்களில் ஒருவன் கை வைத்தால் அவன் வேலை முடித்துக் கையெழுத்துப் போட்டது போதாது, அந்த வேலையைச் செய்யாத இன்னொருவன் வந்து முதலிலிருந்து தானே பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் ஆஸ்பத்திரியில் சில ஊசி மருந்துகளை இரண்டு பேர் சரிபார்த்துத்தான் போடுவீர்கள் என்று எழுதியிருந்தாயே, அதேதான். ஆறு வருஷமாக எனக்கு அந்த இன்னொருவன் பராகா. என் வேலையில் பொட்டு அளவு குறை இருந்தாலும் “பெரியவரே, இங்க வாங்க, இதப் பாருங்க” என்று கூப்பிட்டுக் காட்டுவான், எனக்குச் சுருக்கென்று இருக்கும், ஆனால் நன்றாகத் தூங்குவேன். உங்கள் இரண்டு பேர் விஷயம் வீட்டுக்குத் தெரிந்த நாளிலிருந்து அவன் மாறிவிட்டான். மருமகன் மாமனார் பெயரை வாயில் எடுக்கக் கூடாது, முகத்துக்கு நேரே குறை சொல்லக் கூடாது, எதிரே வந்தால் பாதையை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்கிற நம் வழக்கம் எல்லாவற்றையும், பேச்சு நிச்சயமாவதற்கு முன்னாலேயே, பிடித்துக்கொண்டான். என்னிடம் ஸ்பேனர் வேண்டுமென்றால் ப்ரொப்பெல்லரைப் பார்த்துக் கேட்பான். “அந்தப் பக்கம் இருக்கிறவங்க பதிமூணாம் நம்பர் குடுத்தா நல்லாயிருக்கும்” என்று ப்ரொப்பெல்லரிடம் சொல்வான். எங்களுக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கிற உன் சித்தப்பா இகாரே விழுந்து விழுந்து சிரிப்பான்.

எனக்கும் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் வால் பக்கத்து கேபிளை இறுக்கும் திருகு தளராமல் நான் முறுக்கிக் கட்டிய லாக் வயரைப் பார்க்கிறேன், அது என் முறுக்கே இல்லை. நான் எப்போதும் இன்ச்சுக்கு எட்டு முறுக்கு முறுக்குவேன், இதில் பத்து. நான் போட்டதைத் தப்பான பக்கம் இழுத்துக் கட்டியிருக்கிறேன் போல, அவன் பார்த்திருக்கிறான், என்னிடம் சொல்லாமல் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கிறான். வேலைப் புத்தகத்திலும் எழுதவில்லை. எனக்கு மரியாதை செய்கிறானாம். யோசித்துப் பார், நெர்லின். செய்த தப்பு எனக்கே தெரியாவிட்டால் நாளைக்கு அதையே பெரிதாகச் செய்வேன். அவன் மறைத்துத் திருத்தினதில் அவனுடைய கையை யார் சரிபார்ப்பது. மாமனாருக்குக் கூச்சப்பட்டு ஒருவன் கண்ணை மூடிக்கொண்டால் மேலே போகிறவர்கள் காப்பி மூட்டைகள் மட்டும் இல்லையே. அவனைக் கூப்பிட்டுத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை, என் மானமும் அதில் கிடந்தது. அதனால்தான் உனக்குப் பதில் எழுதவில்லை. நல்ல பையன், ஆனால் எனக்கு மருமகனானால் ஊமையாகிவிடுவான் என்று நினைத்தேன்.

இனி நான் சொல்வதை உட்கார்ந்து படி. இரண்டு வாரத்துக்கு முன் சனிக்கிழமை செஸ்னா விமானத்தை வழக்கமான பரிசோதனைக்கு எடுத்திருந்தோம். கேபிள் நெடுக நான் துணியைச் சுற்றி இழுத்துப் பார்ப்பேன் இல்லையா, உன் அம்மாவின் பழைய பாவாடைத் துண்டுதான், எய்லரான் கேபிளில் ஓர் இடத்தில் துணி மாட்டிக்கொண்டது, அதாவது உள்ளே இழை அறுந்திருக்கிறது. இறக்கை நுனியில் ஏறி இறங்குகிற பலகைதான் எய்லரான், அதுதான் விமானத்தை இடமும் வலமும் சாய்க்கிறது. இரண்டு கேபிளையும் மாற்றினேன், விமானத்தின் உள்கூரைத் தகட்டுக்குள் தலையை விட்டு முனைகளை மாட்டினேன், இறுக்கம் அளந்தேன், பூட்டினேன். பிறகு பைலட் சீட்டில் உட்கார்ந்து கைப்பிடியை வலது பக்கம் திருப்பி, “எந்தப் பக்கம் ஏறுது” என்று இகாரேயைக் கேட்டேன். “வலது பக்கம் அண்ணே” என்றான். வலது பக்கம் திருப்பினால் வலது பலகை ஏற வேண்டும், சரிதான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். கழுத்து வலி என்று நானே திரும்பிப் பார்க்கவில்லை. பதில் சொல்கிறவன் வால் பக்கம் நிற்க வேண்டும் என்பது முப்பது வருஷமாக என் சட்டம். அன்றைக்கு ரேடியோவில் நம் ஊர் அணி ரக்பி ஆடிக்கொண்டிருந்தது, ரேடியோ இருந்தது விமானத்தின் மூக்குக்கு முன்னால் மேசையில், உன் சித்தப்பாவும் அங்கேதான் நின்றான், விமானத்தைப் பார்த்து நின்றபடி தன் வலது கைப் பக்கத்தைச் சொன்னான். அது விமானத்துக்கு இடது. நான் இரண்டு கேபிளையும் இடம் மாற்றி மாட்டியிருந்தேன்.

பராகா தன் முறைக்கு வந்தான். அவன் யாரையும் கேட்க மாட்டான், கைப்பிடியைப் பிடித்துக் கட்டைவிரலை நிமிர்த்தி வைத்துத் திருப்புவான், விரல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துப் பலகை ஏற வேண்டும். திருப்பினான். நின்றான். மறுபடியும் திருப்பினான். இறங்கி வந்து இரண்டு இறக்கையையும் பார்த்தான், விமானத்தை ஒரு முழுச் சுற்று சுற்றினான். அதை ஓட்டப் போகிற கேப்டன் பொமாலே டீ டிரம் பக்கத்தில் என்னோடு நின்றுகொண்டு “என்னய்யா, உங்க ஆளு நேர்த்திக்கடன் சுத்துறாரா, தடுப்பூசிப் பெட்டிய ஏத்தணும், ஆகட்டும்” என்று கிண்டல் பண்ணினார். எனக்கு அப்போதே ஏதோ தப்பு என்று தெரிந்துவிட்டது. என்ன தப்பு என்று தெரியவில்லை. பராகா மேசைக்குப் போய்க் கூரைத் தகட்டைக் கழற்றுகிற ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். என் டீ ஆறிப்போய்க் கையில் இருந்தது. மறுபடியும் மறைத்துத் திருத்தப் போகிறான், அரை மணி நேர வேலை, யாருக்கும் தெரியாது, எனக்கு மரியாதை மிஞ்சும், என் மகளுக்கு ‘இவன் வேண்டாம்’ என்று எழுத வேண்டியதுதான் என்று நினைத்தேன். அந்த ஒரு நிமிஷத்தில் உன் முகம்தான் எனக்கு வந்தது.

அவன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். என்னைப் பார்த்தான், ப்ரொப்பெல்லரை இல்லை, என்னை. பிறகு ஹேங்கர் கூரை அதிரக் கத்தினான், “அசானிபா, கைய எடு, எய்லரான் கேபிள் ரெண்டும் மாறிக் கெடக்கு” என்று. தப்பு கண்டவன் தப்பு செய்தவன் பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட வேண்டும், எல்லாரும் விமானத்திலிருந்து கையை எடுக்க வேண்டும் என்பது நான் போட்ட சட்டம்தான், ஆனால் என் பெயரை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. மூட்டை தூக்குகிற ஆட்கள் கையை எடுத்துக்கொண்டு சிலையாக நின்றார்கள். இகாரே ரேடியோவை அணைத்துவிட்டு, “போச்சுடா, மாமனார் பேரச் சொல்லிட்டான்” என்று தலையில் கை வைத்தான். எனக்கு முதலில் காது சூடானது, அதற்கு மேல் வெட்கம், பொமாலேவுக்கு நான்கு பிள்ளைகள், தரையை விட்டு எழும்பி ஓர் இறக்கை சாய்ந்தால் அவர் நேராக்கத் திருப்பத் திருப்ப இன்னும் சாய்ந்திருக்கும். அதை நினைத்து இரண்டு வேளை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், அந்த வெட்கத்துக்கு அடியிலேயே ஒரு சந்தோஷம் வந்தது, அடக்க முடியாத சந்தோஷம். நான் போர்டில் சாக்பீஸால் என் பெயரையும் என் தப்பையும் பெரிதாக எழுதினேன். கேபிளைச் சரியாக மாற்றினேன், இகாரேயை வால் பக்கம் நிறுத்தினேன், நானும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன், பராகா மறுபடியும் முதலிலிருந்து பார்த்தான். தடுப்பூசி ஒரு மணி நேரம் பிந்திப் போய்ச் சேர்ந்தது.

மாமனார் பெயரைச் சொன்னால் பன்றி கொடுத்துத்தான் தீர்க்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். போன சனிக்கிழமை ஹேகனிலிருந்து ஒரு லாரி நிறைய அவன் ஆட்கள் வந்துவிட்டார்கள், நடுவில் ஒரு பன்றி, நம் வீட்டு வாசலில் நுழையாது, அவ்வளவு பெரிது. அங்கேதான் உன் பெரியப்பா கிளப்பினார். “கல்யாணமே பேசல, அப்புறம் இவன் எப்படி மாமனார், மாமனார் இல்லன்னா பேரச் சொன்னதுல என்ன குத்தம், பன்னிய ஓட்டிட்டுப் போங்க” என்றார். அவர்கள் பக்கத்துக் கிழவர் ஒருவர், “எங்க பன்னிக்குத் திரும்பிப் போற வழி தெரியாதுங்க” என்றார். இப்படியே பேச்சு நீண்டுகொண்டே போனது. பன்றியை வாங்கினால் நான் மாமனார் என்று ஒப்புக்கொண்ட மாதிரி, வாங்காவிட்டால் அவன் வெறும் வேலையாள், இரண்டு கூட்டத்துக்கும் அது நன்றாகத் தெரியும், அதனால் யாரும் கயிற்றைத் தொடவில்லை. உன் அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து, “நீங்க பேசிட்டே இருங்க, அது என் கிழங்குத் தோட்டத்துல பாதிய முடிச்சிருச்சு” என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பராகா மட்டும் கூட்டத்துக்குப் பின்னால் தரையைப் பார்த்து நின்றான். நான் போய்க் கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

மகளே, இதுதான் உன் கேள்விக்கு என் பதில். சம்மதம். மூன்று மாதம் காக்க வைத்ததற்கு என்னை மன்னித்துவிடு. அன்றைக்கே குழி வெட்டிக் கல்லைச் சூடாக்கி, பன்றியை உள்ளே வைத்து மூடி மூமூ போட்டு இரண்டு ஊராரும் சாப்பிட்டோம், பெரியப்பாதான் அதிகம் சாப்பிட்டார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன். ஹேங்கர் வாசலில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கிறோம், அந்தக் கோட்டுக்கு உள்ளே நான் மாமனார் இல்லை, என் பெயரை எத்தனை முறை வேண்டுமானாலும் கத்தலாம், பன்றி கிடையாது. கிழவர்கள் அரை நாள் வாதாடிவிட்டு ஒத்துக்கொண்டார்கள். கோட்டுக்கு வெளியே அவன் பாதையை விட்டு இறங்கித்தான் நிற்கிறான், சேறானாலும் இறங்குகிறான்.

கிறிஸ்துமஸுக்கு டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு, கடைசி வாரம் வரை தள்ளாதே. இருமலுக்கு டாக்டரைப் பார். கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காப்பார், நீயும் அவனும் நீண்ட நாள் ஒரே கூரையின் கீழ் நிறைவாக வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் ஜெபிக்கிறோம். இன்னும் ஒன்று, மறக்காமல் செய். பன்றியை வாங்கினேனே தவிர, அவனிடம் நான் இதுவரை ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. கோட்டுக்கு உள்ளே வேலைப் பேச்சு, வெளியே அவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை, சொல்ல எனக்கு இடமே அமையவில்லை. நீ அவனுக்கு எழுதும்போது எழுது. அந்த ஸ்க்ரூ டிரைவரை அவன் கீழே வைத்ததை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார் என்று எழுது.

உன் அன்பு அப்பா,
அசானிபா