உன் பட்டியலின் கடைசி வரி

இன்று எனக்குப் புது லேப்டாப் கொடுத்தார்கள். வேறெதையும் தொடும் முன் நீ எழுதித் தந்த பட்டியலைத்தான் அதில் ஏற்றினேன். பதினோரு வரிகள். கடைசி வரியில் 'குறிப்பு' என்ற ஒரே சொல். அதைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு ஒன்று, பேரணாம்பட்டு தோல் ஷெட்டுக்கு ஒன்று, வேலூர்க் கடைக்கு ஒன்று என்று நாம் இரண்டு பேரும் மூன்று சாஃப்ட்வேர் ப்ராஜெக்டுகள் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள். எல்லாருடைய வேலையையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும் கிட்டில் நான் என் மாற்றங்களைச் சேர்க்கும்போதெல்லாம் வேண்டாத ஃபைல்களும் ஒட்டிக்கொண்டு போய், எல்லார் கம்ப்யூட்டரிலும் இறங்கும். ஒவ்வொரு ப்ராஜெக்டிலும் தனித்தனியாக 'இதைச் சேர்க்காதே' என்று எழுதிக்கொண்டிருந்தேன். நீ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய்.

"இன்னாடி, மூணு தடவ அதையே எழுதினு இருக்க? சேக்கக் கூடாததுக்கெல்லாம் உன் பேர்ல ஒரே லிஸ்ட் வச்சிடு. நீ எந்த ப்ராஜெக்ட்ட தொறந்தாலும் அது பாத்துக்கும். பேஜாரே இல்ல."

உன் லிஸ்டையே அப்படியே எனக்கும் போட்டாய். கடைசி வரி எதற்கு என்று கேட்டேன். ஒவ்வொரு ப்ராஜெக்டிலும் அந்தப் பெயரில் ஒரு ஃபைல் வைத்து, மனதில் தோன்றுவதை எழுதிவைப்பதாகச் சொன்னாய். அது கிட்டுக்குள் போய்விட்டால் ஊரே படிக்குமாம்.

"அதுல இன்னா எழுதுவ?"

"உன்னத் திட்டி எழுதுவேன். ஜாஸ்தி இல்ல, தெனம் ரெண்டு வரி."

காய்ச்சல் என்று லீவு போட்டுப் போனவள் நீ. பன்னிரண்டாம் நாள் உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். அடுத்த வாரம் உன் லேப்டாப்பில் இருப்பதையெல்லாம் அழித்து வேறொருவருக்குத் தரச் சொன்னார்கள். வேறு யாரும் தொட வேண்டாம் என்று அந்த வேலையை நானே வாங்கிக்கொண்டேன். மூன்று ப்ராஜெக்டுகளையும் திறந்து, சேர்க்காமல் விட்டது ஏதாவது உண்டா என்று கிட்டைக் கேட்டேன். மூன்றிலும் ஒன்றுமில்லை, எல்லாம் சுத்தம் என்றது. நம்பி, மொத்தத்தையும் அழித்தேன். பார்க்காதே என்று நீ பட்டியலில் சொல்லிவைத்த 'குறிப்பு' ஃபைலை அது எப்படிக் காட்டும்? இந்த வேலையில் இத்தனை வருடம் இருப்பவளுக்கு அது அன்றைக்குத் தோன்றவில்லையடி.

நான்கு நாள் கழித்து உன் அம்மா போன் செய்தார். "அவ கம்ப்யூட்டர்ல எப்பவும் ஏதோ எழுதினு சிரிப்பாளேம்மா, அது கெடைக்குமா?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. "தேடறேன்மா" என்று பொய் சொன்னேன். ஐந்து மாதம் அதே பொய்யைச் சொன்னேன். அவர் பெயர் போனில் வந்தாலே எடுக்கப் பயம்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து அவர் வீடு திரும்பும் நேரத்தில் போய் நின்று, அழித்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். பிறகு, "அழாத. வேணும்னா செஞ்ச? அவ எழுதினது போச்சு. உனக்குத் தெரிஞ்சது இருக்குதில்ல, அத சொல்லு" என்றார்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் போகிறேன். என் டிபன் பாக்ஸைத் திறந்து முட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு மூடி வைப்பாயே, அதைச் சொன்னேன். பேரணாம்பட்டு பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக என்னோடு இரண்டு நாள் பேசாமல் இருந்ததைச் சொன்னேன். உன்னைப் பற்றி நல்லதாகத்தான் சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டு போவேன். வாயைத் திறந்தால் உன் வீம்புதான் வருகிறது. அம்மா அதைத்தான் இன்னொரு முறை சொல்லச் சொல்கிறார்.