நீ புள்ளி வைத்த ஏரித் தண்ணீர்

என் கோபமெல்லாம் தெரிந்த ஜெபா மச்சானுக்கு,

உன் படங்களை மாட்டிவிட்டேன். அடையாறு பக்கம் ஒரு கேலரி. ஏசி ஹால், வெள்ளைச் சுவர். உன்னுடையது ஒன்பது, என்னுடையது நான்கு. நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. இந்த ஒரு வருஷமும் உன் படங்கள் உன் வீட்டு பீரோ மேல் பெட்ஷீட்டில் சுற்றிக் கிடந்தன. உன் அம்மா தாம்பரத்தில் ரயிலேறி, கிண்டியில் இறங்கி, பஸ் பிடித்து வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். வேறு யாரும் கழற்றவில்லை என்று பார்த்ததும் திரும்பப் போய் மாட்டிக்கொண்டார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. நீ ஓவியக் கல்லூரி வாசலை மிதித்தவன் இல்லை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு லேபுக்காக வீடு வீடாகப் போய் ரத்த சாம்பிள் வாங்கிவந்தவன். நான் ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் பண்ணுகிறவன். ஞாயிறு சர்ச் முடிந்ததும் லேபின் பழைய மைக்ராஸ்கோப் நமக்கு. நான் சேலையூர் பக்கத்து ஏரியில் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வருவேன். நீ கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட்டு, மெல்லிய கண்ணாடிச் சில்லால் மூடிவிட்டுக் குனிவாய்.

"இன்னா மச்சான், இதுக்குள்ள ஒரு ஊரே கீது."

பிளஸ் டூ உயிரியல் ரெக்கார்டு நோட்டில் ஒரு சட்டம் உண்டு. நிழலுக்குப் பென்சிலால் தேய்க்கக் கூடாது, புள்ளிதான் வைக்க வேண்டும். இருட்டு வேண்டுமா, புள்ளியை நெருக்கு. வெளிச்சம் வேண்டுமா, விலக்கு. மார்க்குக்காக இருந்த அந்தச் சட்டத்தை நீ ஆள் உயரத் தாளுக்குக் கொண்டுபோனாய். கண்ணுக்கே தெரியாத பாசி கறுப்பு மையில் கதவளவு ஆனது. நான் அதே ஏரித் தண்ணீரில் மையைக் கரைத்துத் தாளில் ஓடவிட்டேன். "நீ எங்க வரையுற, கொட்டுற," என்றாய். எல்லாவற்றுக்கும் சண்டை போட்டோம், ஒன்றைத் தவிர. எந்தத் தண்ணீர், எந்த இடம், எத்தனை மடங்கு பெரிது என்று படத்துக்குக் கீழே இருக்க வேண்டும். நீ வரைவாய், நான் எழுதுவேன்.

கேலரிக்காரருக்கு அதுதான் உறுத்தியது.

"தம்பி, படம் சூப்பர். ஆனா 'சாக்கடை சேரும் இடம்'னு இருக்கே. யாரு வீட்டு ஹால்ல மாட்டுவாங்க? சும்மா 'நீர்'னு போட்டுடலாமே?"

"அவங்க அபார்ட்மென்ட் சாக்கடையும் அங்கதான் சார் வருது."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஏரியைப் பார்த்து ஜன்னல் வைத்து விற்கிறார்கள், குழாயை அதே ஏரிக்குள் விடுகிறார்கள். அந்த விளம்பர பேனரை டிசைன் பண்ணியவனே நான்தான், எனக்குத் தெரியாதா? எழுத்து இல்லையென்றால் படமும் இல்லை என்றேன். கடைசியில் ஒப்புக்கொண்டார்.

அப்புறம்தான் மாட்டிக்கொண்டேன். உன் படங்களிலேயே பெரியது, அழைப்பிதழில் அச்சடித்தது, ஓரமெல்லாம் கறுத்த ஒரு வட்டம். கீழே என் கையெழுத்தில்: 'பெயர் தெரியாத உயிர். சாக்கடை சேரும் இடம். ஆயிரம் மடங்கு.' ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்தும் அம்மா ஒருவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"நீங்க வரைஞ்சதா?"

"என் ஃப்ரெண்டு மேடம். இப்ப இல்ல."

கொஞ்சம் தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க. இது உயிர் இல்ல, காத்துக் குமிழி. மேல் கண்ணாடியைச் சாய்ச்சு மெதுவா இறக்காம தொப்புனு போட்டா காத்து உள்ள மாட்டிக்கும். என் ஸ்டூடன்ட்ஸ் முதல் வாரம் பூரா இதைத்தான் வரைவாங்க."

முகம் சுட்டது. காதில் வாங்கிய கேலரிக்காரர் பக்கத்தில் வந்து, "விடுங்க தம்பி, யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். விட்டுவிட்டால், சாக்கடை என்று எழுத எனக்கு என்ன யோக்கியதை? மாற்றினால், சாம்பிள் தூக்கின பையன் குமிழியைப் பார்த்துப் பிராணி என்று நினைத்தான் என்று உன் அம்மா முன்னாலேயே சிரிப்பார்கள். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

அப்போதுதான் அந்த ஞாயிறு ஞாபகம் வந்தது. உன் கையெல்லாம் பிரியாணி எண்ணெய். "நீயே போட்றா," என்றாய். சில்லைத் தொப்பென்று போட்டவன் நான். உயிர் என்று எழுதியவனும் நான். இருந்ததை இருந்தபடி வரைந்ததைத் தவிர நீ என்ன செய்தாய்?

"படத்துல எதாவது தப்பு இருக்கா மேடம்?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தார். "படத்துல ஒரு தப்பும் இல்ல. ஓரத்துல அந்தக் கறுப்பு எப்படித் திரும்புது பாருங்க. குமிழியை இவ்ளோ பொறுமையா யாரும் பார்த்திருக்க மாட்டாங்க."

பேனாவை எடுத்துப் பழைய வரியை அடித்துவிட்டு எழுதினேன்: 'காற்றுக் குமிழி. பார்த்து வரைந்தவர் ஜெபா. கண்ணாடியை ஒழுங்காகப் போடாதவன் குமரன்.'

உன் அம்மாவிடமும் சொன்னேன். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "மூணு வாரம் சாப்பிடக் கூப்பிட்டா வரமாட்டான். காத்தையாடா வரைஞ்சிக்கினு இருந்தான்?" பிறகு படத்துக்குக் கிட்டே போய் நின்றார். "அப்போ அது நீங்க ரெண்டு பேரும் அந்த ரூம்ல விட்ட மூச்சா இருக்கும், இல்ல?"

இந்த மாதிரிப் பேச்செல்லாம் எனக்கு ஒத்துவராது, உனக்குத் தெரியும். ஆனால் அறிவியல்படி அதில் தப்புச் சொல்ல முடியவில்லை. ஒருவர் அந்தப் படத்தை விலைக்குக் கேட்டபோது உன் அம்மா, "அது வூட்டுக்கு. மத்தது எதுனா பாருங்க," என்று சொல்லிவிட்டார். நான் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தேன் மச்சான். யாரையும் திட்டாமல் வீடு திரும்பிய நாள் அது.

ஒன்று மட்டும் பாக்கி. மழைநீர்க் கால்வாய்க்கென்று தோண்டி, தடுப்பு வைக்காமல் விட்ட பள்ளத்தில்தான் உன் பைக் விழுந்தது. அதை இன்னும் மூடவில்லை. பெய்த மழை அதில் அப்படியே நிற்கிறது. யாரைக் கேட்டாலும் வேறு யாரையோ கை காட்டுகிறார்கள்.

வருகிற ஞாயிறு அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுக்கப் போகிறேன். மையைக் கொட்டி ஓடவிட மாட்டேன். என்ன தெரிகிறதோ அதைப் புள்ளி புள்ளியாக வைப்பேன், எத்தனை வாரம் ஆனாலும். கீழே எந்தத் தெரு, எத்தனை அடி ஆழம், விழுந்தது யார் என்று எழுதுவேன். அதில் ஒரு வார்த்தையைக்கூட எவன் சொன்னாலும் மாற்ற மாட்டேன்.

ஞாயிறு மதியம் உன் வீட்டில் உன் தட்டில் சாப்பிடும்
உன் மச்சான்,
குமரன்